சதுரங்கப் போட்டியும் நடுவுநிலைமையும்

தோற்றுவாய்

இருவர் எதிரெதிர் அமர்ந்து சதுரங்கம் ஆடுதற்கு வேண்டுவன ஒரு பலகையும், 32 காய்களும், சிறிது ஓய்வுமே. மூன்றாமவர் ஒருவர் அதற்கு வேண்டுவதில்லை. பலகையாட்டம் நம் நாட்டார்க்குப் புதியதும் அன்று. முதியோர் பொதுவிடத்தில் அமர்ந்து வல்லாடிய செய்தியைப் புறநானூறு நமக்கு அறிவிக்கின்றது. அம்முதியோர் பொழுது இனிது கழிதற்பொருட்டு ஆடினர். தம்முள் முதல்வர் யாவர் என அறுதியிட வேண்டிய கவலை அவர்க்கு இருந்ததில்லை. ஆனால் 100 பேர் ஒருங்கு கூடி, 'எங்களுள் சிறந்தவர் யாவர்?' என்று வினவுவாராயின், அதற்கு விடை கூறப் பலகையும் காயும் போதா. யார் யாரோடு ஆடுவது, எத்தனைச் சுற்றுகள் ஆடுவது, வெள்ளைக்காய் யார்க்கு, இருவர் ஒத்த புள்ளி பெற்றால் பரிசு யார்க்கு என்னும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இவ்வினாக்களுக்கு முன்னதாகவே விடை வகுத்து வைத்தலே போட்டி நடத்துதல் எனப்படும்.

சதுரங்கத்தில் பகடை உருட்டல் இல்லை. சீட்டுக் கலைத்தல் இல்லை. இருவர்க்கும் ஒரே அளவான படை, ஒரே களம். ஆதலின் பலகையின்மேல் நற்பேற்றிற்கு உள்ள இடம் மிகச் சிறிது. ஆயினும் பலகையினின்று துரத்தப்பட்ட அந்நற்பேறு, போட்டியமைப்பின் வழியாக மீண்டும் உள்ளே புகுந்துவிடுகின்றது. ஒருவனுக்கு முதற்சுற்றிலேயே வல்லான் எதிர்ப்படுகின்றான். மற்றொருவனுக்கு மூன்று சுற்றுகளிலும் எளியோரே வாய்க்கின்றனர். ஒருவன் வெள்ளைக்காய் கொண்டு முதலில் நகர்த்தும் பேற்றை மிகுதியாகப் பெறுகின்றான். மற்றொருவன் அதனைக் குறைவாகப் பெறுகின்றான். இவ்வேற்றுமைகளை இயன்றவரை ஒழித்தற்கே உலகத்தார் 1851 தொடங்கிப் பல முறைகளை வகுத்தும் திருத்தியும் வந்துள்ளனர். அம்முறைகளின் இயல்பும், ஒவ்வொன்றின் நிறையும் குறையும், அவற்றைக் கையாள்வோர் கடமையும் யாவை என ஈண்டு ஆராய்வாம்.

1. நீக்கமுறை

தோற்றவரை நீக்கி, வென்றவரை அடுத்த சுற்றிற்கு அனுப்பி, இறுதியில் ஒருவரே எஞ்சுமாறு நடத்துவது நீக்கமுறை. 'நாக்-அவுட்' என விளையாட்டுக்களத்தில் நாம் நாடோறும் கேட்பது இதுவே. இதன் சிறப்பு எளிமை. 100 பேர் சேர்ந்தால் 99 மோதல்களில் முடிவு கிட்டும். என்னை? ஒவ்வொரு மோதலும் ஒருவரை நீக்குகின்றது. 99 பேர் நீங்கினால் ஒருவர் எஞ்சுவர். சுற்றுகளோ ஏழே. முதற்சுற்றில் 72 பேர் ஆட, 28 பேர் ஆடாமலே மேற்செல்வர். அடுத்த சுற்றில் 64 பேர் இருப்பர். பின்னர் 32, 16, 8, 4, 2 எனத் தொகை பாதி பாதியாகக் குறையும்.

அனைத்துநாட்டுச் சதுரங்கப் போட்டிகளுள் முதலாவதாகக் கொள்ளப்படுவது 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பெருங்கண்காட்சி நிகழ்ந்த காலத்து நடைபெற்றது. ஹோவர்டு ஸ்டான்டன் என்னும் ஆங்கில ஆட்டவல்லார் அதனை முன்னின்று கூட்டினார். ஆடினோர் 16 பேர், முறை நீக்கமுறை. யார் யாரோடு ஆடுவது என்பது திருவுளச் சீட்டால் முடிவு செய்யப்பட்டது. அதன் பயனாக, பிரஞ்சு நாட்டினின்று வந்த கீசெரிட்ஸ்கி என்னும் பேராட்டக்காரர் முதற்சுற்றிலேயே செருமானியரான அடால்ஃப் ஆண்டர்செனை எதிர்த்துத் தோற்று வெளியேற நேர்ந்தது. ஆண்டர்செனோ பள்ளி ஆசிரியர். அவரே இறுதியில் முதற்பரிசையும் வென்றார். கீசெரிட்ஸ்கி தோற்றது முதல்வரிடமே எனினும், போட்டிப் பட்டியலில் முதற்சுற்றில் நீங்கிய ஏனையோர்க்கும் அவர்க்கும் வேறுபாடு இல்லாதாயிற்று. நீக்கமுறையின் குறை இங்கே தெற்றென விளங்கும்: அது முதல்வரை ஒருவாறு காட்டும், இரண்டாமவர் மூன்றாமவர் யாவர் என்பதனை நம்பத்தக்கவாறு காட்டாது.

இக்குறையைத் தணிக்கப் பிற்காலத்தார் இரண்டு வழிகளைக் கண்டனர். ஒன்று, திருவுளச் சீட்டை விடுத்து, ஆட்டக்காரரை அவரவர் தரத்தின்படி வரிசைப்படுத்தி, வல்லார் இருவர் தொடக்கத்திலேயே எதிர்ப்படாவாறு இடமளித்தல். மற்றொன்று, ஒரே ஆட்டத்தால் ஒருவரை நீக்காமல், இருவர்க்கும் வெள்ளை ஒருமுறை கருமை ஒருமுறை கிடைக்குமாறு இரண்டு ஆட்டங்கள் ஆடச் செய்தல். இவ்விரண்டு வழிகளையும் 2023ஆம் ஆண்டு பாக்கூ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியிற் காணலாம். ஆடவர் பிரிவில் இடம் பெற்றோர் 206 பேர். தரத்தில் மேம்பட்ட 50 பேர்க்கு முதற்சுற்று இல்லை. எஞ்சிய 156 பேர் ஆட, வென்ற 78 பேரும் அவ்வைம்பதின்மரும் சேர்ந்து 128 பேராயினர். இரண்டு ஆட்டங்களும் சமனாக முடியின், கால அளவு குறைந்த விரைவாட்டங்களால் முடிவு காணப்பட்டது. சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தா இறுதிச்சுற்றை எய்தி, கார்ல்சனோடு ஆடிய இரு நெடிய ஆட்டங்களையும் சமன் செய்து, விரைவாட்டத்திலேயே வெற்றியை இழந்தார்.

இத்திருத்தங்களுக்குப் பின்னரும் ஒரு குறை எஞ்சுகின்றது. முதற்சுற்று முடிந்த அளவிலே, ஆடினோருள் சரிபாதியினர் மூட்டை கட்டி ஊர்க்குத் திரும்ப வேண்டும். பயிற்சி மிக வேண்டுவோர் யாரோ அவர்க்கே ஆட்டம் மிகக் குறைவாகக் கிடைக்கின்றது.

2. வட்டமுறை

ஒவ்வொருவரும் ஏனைய ஒவ்வொருவரோடும் ஆடுவது வட்டமுறை. 'லீக்' என்றும் 'ரவுண்டு ராபின்' என்றும் இதனை வழங்குவர். 1862ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த போட்டியே பெரும்போட்டிகளுள் இம்முறையை முதலில் மேற்கொண்டது. 14 பேர் ஆடினர்; ஆண்டர்செனே மீண்டும் முதல்வராயினார். அக்காலத்துச் சமனான ஆட்டத்தை மறுபடியும் ஆடவேண்டும். அது நாளடைவில் இயலாததாகவே, வெற்றிக்கு 1 புள்ளி, சமனுக்கு ½ புள்ளி, தோல்விக்குப் புள்ளியின்மை என்னும் இன்றைய வழக்கு நிலைபெற்றது.

இம்முறையில் ஆட்டங்களை வகுப்பது எங்ஙனம்? எட்டுப்பேர் ஆடுவதாகக் கொள்வோம். அவர்க்கு 1 முதல் 8 வரை எண் கொடுக்க. முதற்சுற்றில் 1-8, 2-7, 3-6, 4-5 என இணைக்க. அடுத்த சுற்றிற்கு 8ஆம் எண்ணை அசையாது நிறுத்தி, ஏனைய ஒவ்வோர் எண்ணுடனும் ஒன்று கூட்டுக. 7ஐ அடுத்து 1 வரும் என்க. அப்பொழுது 2-8, 3-1, 4-7, 5-6 என்னும் இணைகள் கிடைக்கும். இவ்வாறே மேலும் ஐந்து முறை செய்தால், ஏழு சுற்றுகளில் 28 ஆட்டங்கள் நிறைவுறும். ஒருவரை ஒருவர் இருமுறை சந்தித்தலும் இல்லை, சந்தியாது விடுதலும் இல்லை. ஆடுவோர் தொகை ஒற்றைப்படையாயின், 8ஆம் எண்ணை வெற்றிடமாகக் கொள்ளலாம். அவ்வெண்ணோடு இணைக்கப்பட்டவர்க்கு அச்சுற்றில் ஓய்வு. வெள்ளையும் கருமையும் இயன்றவரை மாறிமாறி வருமாறு சுற்றுகளின் வரிசையையும் அமைத்துத் தரும் அட்டவணைகள் ஆஸ்திரியரான யோகான் பெர்கர் பெயரால் இன்றும் வழங்குகின்றன. எண்மர் ஒருமுறை ஆடும் போட்டியில் நால்வர்க்கு நான்கு வெள்ளையும், நால்வர்க்கு மூன்று வெள்ளையுமே கிடைக்கும். இவ்வேற்றுமையும் கூடாதென்பார் நிறத்தை மாற்றி மற்றொரு முறையும் ஆடுவர். அஃது இரட்டை வட்டமுறை.

இரண்டு குழுவினர் ஆடும்பொழுது, ஒரு குழுவினர் ஒவ்வொருவரும் எதிர்க்குழுவினர் ஒவ்வொருவரோடு மட்டும் ஆடும் வகையும் ஒன்றுண்டு. 1923ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டு ஸ்கெவெனிங்கன் என்னும் ஊரில் அந்நாட்டார் பதின்மரும் பிறநாட்டு வல்லார் பதின்மரும் இங்ஙனம் ஆடினர். அவ்வூர்ப் பெயராலேயே அம்முறை வழங்குகின்றது. உள்ளூர் இளைஞர்க்கு வெளிநாட்டு வல்லாரோடு பயிலும் பேறு கிடைத்தலே அதன் பயன்.

வட்டமுறை முறைகள் அனைத்திலும் நேர்மை மிக்கது என்பது பலர் துணிபு. ஒருவர்க்கு எளியவர் மற்றவர்க்கும் எதிரியாவர், வலியவரும் அவ்வாறே. ஆயினும் இதற்கு இரண்டு இடர்கள் உள. ஒன்று காலம். 100 பேர் ஆடின் 4,950 ஆட்டங்களும் 99 சுற்றுகளும் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு சுற்று எனின் மூன்று திங்களுக்கு மேலாகும். மற்றொன்று, ஆடுவோர் சிலர் தம்முள் ஒத்துப்போதல்.

இரண்டாம் இடருக்கு எடுத்துக்காட்டாக அறிஞர் பலரும் சுட்டுவது 1962ஆம் ஆண்டு குராசோ தீவில் நடந்த போட்டி. உலக முதல்வரை எதிர்த்து ஆடும் உரிமை யார்க்கு என்று தேர்வதற்கு எண்மர் அங்கே கூடினர். ஒவ்வொருவரும் ஏனையோருடன் நந்நான்கு முறை ஆடவேண்டும், சுற்றுகள் 28. சோவியத் நாட்டாராகிய பெத்ரோசியன், கெல்லர், கெரெஸ் என்னும் மூவரும் தம்முள் ஆடிய 12 ஆட்டங்களும் சமனாகவே முடிந்தன. அவற்றாற் களைப்பின்றி இருந்து, ஏனையோரோடு அவர்கள் ஊக்கமுடன் பொருதனர். பெத்ரோசியன் 17½ புள்ளி பெற்று முதல்வரானார். மற்றை இருவரும் 17 புள்ளி பெற்றனர். போட்டியில் ஆடிய அமெரிக்க இளைஞர் பாபி ஃபிஷர், இஃது உடன்பாட்டால் விளைந்தது என வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். அதன்பின் உலகச் சதுரங்கக் கழகம் வட்டமுறையை விடுத்து, அத்தேர்வுப் போட்டியை 1965 முதல் இருவர் இருவராகப் பொருதும் நேர்ப்போட்டிகளாக மாற்றியது.

காலம் சென்றபின் வட்டமுறை அத்தேர்வுப் போட்டிக்கு மீண்டும் வந்தது. ஆயினும் குராசோவின் பாடம் மறக்கப்படவில்லை. 2024ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் எண்மர் 14 சுற்றுகள் ஆடிய போட்டியில், ஒரு நாட்டார் தம்முள் ஆடும் ஆட்டங்கள் ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுமாறு சுற்றுகள் வகுக்கப்பட்டன. இந்தியர் மூவர் அதில் ஆடினர். முதல் மூன்று சுற்றுகளுக்குள்ளேயே அவர்கள் தம்முட் பொருது முடித்தனர். யார் வெல்லக்கூடும் என்று தெரியாத தொடக்கத்தில் விட்டுக்கொடுத்தற்கு ஏது இல்லையன்றோ? மனிதர் மனத்தை விதியால் மாற்ற இயலாது; ஆனால் சோதனைக்கு அவரை உள்ளாக்காதவாறு அட்டவணையை அமைத்தல் இயலும். இது போட்டி நடத்துவோர் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பமாகும்.

3. ஸ்விஸ் முறை

ஆடுவோர் பலர், நாட்களோ சில. தோற்றாரை நீக்கவும் மனமில்லை. எல்லாரையும் எல்லாரோடும் ஆடச் செய்யவும் இயலாது. இந்நெருக்கடிக்குத் தீர்வாக எழுந்ததே ஸ்விஸ் முறை. சுவிட்சர்லாந்து நாட்டு ஜூரிக் நகரில் 1895ஆம் ஆண்டு யூலியஸ் மூல்லர் என்பார் இதனைச் சதுரங்கப் போட்டிக்கு மேற்கொண்டமையின் இப்பெயர் பெற்றது.

இதன் அடிப்படை விதிகள் மூன்று. முதலாவது, ஒருமுறை எதிர்த்து ஆடியவர் மீண்டும் தம்முள் எதிர்ப்படலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு சுற்றிலும் ஒத்த புள்ளி பெற்றவரே இயன்றவரை ஒருவரோடொருவர் ஆடவேண்டும். மூன்றாவது, ஒருவர்க்கு ஒரு நிறமே மிகுந்து வரலாகாது. ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை வருதலும் பொதுவாக விலக்கப்படும். யாரும் நீக்கப்படுவதில்லை, முதலில் தோற்றவரும் இறுதிச்சுற்று வரை ஆடுவர்.

முன் கூறிய 100 பேரையே கொள்வோம். தரவரிசைப்படி 1 முதல் 100 வரை எண்ணிட்டு, மேற்பாதியை கீழ்ப்பாதியோடு இணைப்பர். 1-51, 2-52, 3-53 எனச் செல்லும். இரண்டாம் சுற்றில் வென்றோர் வென்றோரோடும், சமன் செய்தோர் அன்னாரோடும், தோற்றோர் தோற்றோரோடும் ஆடுவர். சுற்றுகள் செல்லச் செல்ல ஒவ்வொருவரும் தமக்கு ஒத்த ஆற்றலுடையாரை எய்துவர். ஏழு சுற்றுகளில் 350 ஆட்டங்களால் போட்டி முடிவுறும். நீக்கமுறையிலும் சுற்றுகள் ஏழே. ஆனால் அங்கே பாதியினர் ஓராட்டத்தோடு நிற்ப, ஈண்டு அனைவரும் ஏழு ஆட்டம் ஆடுகின்றனர். ஆடுவோர் தொகை ஒற்றைப்படையாயின், புள்ளி குறைந்த ஒருவர்க்கு எதிரியின்றி ஒரு புள்ளி அளிப்பர். ஒருவரே இருமுறை அதனைப் பெறுதல் கூடாது.

இம்முறையின் பெரும்பயனை நாடுகள் ஆடும் ஒலிம்பியாடு போட்டியின் வரலாறு காட்டும். 1927ஆம் ஆண்டு இலண்டனில் முதல் ஒலிம்பியாடு நடந்தபொழுது வந்த அணிகள் 16. எல்லாம் எல்லாவற்றோடும் ஆடின. அங்கேரி நாடு வென்றது. அணிகள் பெருகப் பெருக வட்டமுறை தாங்காதாயிற்று. 1976ஆம் ஆண்டு ஹைபா நகரில் ஸ்விஸ் முறை மேற்கொள்ளப்பட்டது. 2022ஆம் ஆண்டு நம் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆம் ஒலிம்பியாடின் பொதுப்பிரிவிற் பதிவு பெற்ற அணிகள் 188. அவையெல்லாம் தம்முள் ஆடியிருப்பின் 17,578 மோதல்களும் 187 சுற்றுகளும் வேண்டும். நாட்டு வீரர் அரையாண்டிற்கு மேல் கடற்கரையில் தங்கவேண்டியிருக்கும். ஸ்விஸ் முறையால் 11 சுற்றுகளில் அது நிறைவுற்றது.

ஆயின் ஸ்விஸ் முறையும் குற்றமற்றதன்று. தலைநிற்போர் தம்முள் மோதுதல் உறுதி. ஆதலின் முதல்வரைப் பெரும்பாலும் சரியாகக் காட்டும். கடைநிற்போரையும் காட்டும். இடைப்பட்டோர் வரிசையே ஐயத்திற்குரியது. தொடக்கத்தில் ஓராட்டம் தோற்றவன் அடுத்த சுற்றுகளில் எளியோரையே எதிர்த்து, தலைவரை ஒருமுறையும் சந்தியாமல், இறுதிச்சுற்றில் மேலேறி வருதல் உண்டு. தலைவரோடு பொருது களைத்தவனும் இவனும் முடிவில் ஒரே புள்ளியில் நிற்பர். இருவரும் சமமோ என்னும் வினா அப்பொழுது எழும். அதனைப் பின்னர்க் காண்போம்.

4. நேர்ப்போட்டி

இருவரே பன்முறை பொருது தம்முள் வல்லான் யாவன் என அறிதல் நேர்ப்போட்டி. உலக முதல்வர் பட்டம் பெரும்பாலும் இம்முறையாலேயே முடிவு செய்யப்பட்டு வந்துள்ளது. 1886ஆம் ஆண்டு ஸ்டைனிட்ஸும் சூக்கர்டார்ட்டும் பொருதபொழுது, முதலில் 10 வெற்றி பெறுபவரே முதல்வர் என்பது விதி. சமனான ஆட்டத்திற்குக் கணக்கில்லை. இது கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும். ஆனால் முடிவு எந்நாள் என்று யாரும் கூற இயலாது.

இதன் விளைவு 1984இல் மாஸ்கோவில் வெளிப்பட்டது. கார்ப்பவும் காஸ்பரவும் முதலில் ஆறு வெற்றி பெறுபவரே வென்றவர் என்னும் விதியோடு ஆடத் தொடங்கினர். ஐந்து திங்கள் சென்றன. 48 ஆட்டங்கள் முடிந்தன. அவற்றுள் 40 சமன். கார்ப்பவ் ஐந்தும் காஸ்பரவ் மூன்றும் வென்ற நிலையில், 1985 பிப்ரவரியில் கழகத் தலைவர் போட்டியை முடிவின்றி நிறுத்தினார். பின்னர் ஆட்டத்தொகைக்கு 24 என வரம்பு கட்டி அவ்வாண்டே புதுப்போட்டி நடத்தப்பட்டது, காஸ்பரவ் வென்றார். எல்லையில்லா நேர்மையும் ஒருவகை நேர்மையின்மையாக முடியும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாம். 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் குகேஷ் சீனநாட்டு டிங் லிரனை வென்றபொழுது ஆட்டத்தொகை 14 என வரம்புற்றிருந்தது. இறுதி ஆட்டத்திலேயே 7½க்கு 6½ என முடிவு கிட்டியது. எம்மினும் இளைய 18 வயதினர் ஒருவர் உலக முதல்வரானார் என்பது மாணவராகிய நாம் நினைந்து மகிழ்தற்குரியது.

5. ஒத்த புள்ளி

இருவர் ஒத்த புள்ளி பெற்றால் என் செய்வது? பரிசுப்பணத்தைப் பகுத்துக் கொடுக்கலாம். பட்டத்தைப் பகுத்தல் ஒல்லுமோ? இதற்குப் பல அளவைகள் உள. ஒருவர் எதிர்த்தோர் அனைவரும் பெற்ற புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது புக்ஹோல்ஸ் அளவை. இருவர் ஐந்தைந்து புள்ளி பெற்றனர் என்க. ஒருவர் எதிரிகளின் புள்ளித்தொகை 28. மற்றவர் எதிரிகளின் தொகை 24. முன்னவர் வல்லாரோடு ஆடினார் எனக் கொண்டு அவரை முன் வைப்பர். வென்ற எதிரிகளின் புள்ளியை முழுமையாகவும், சமன் செய்த எதிரிகளின் புள்ளியைப் பாதியாகவும் கூட்டுவது சொன்னபோர்ன்-பெர்கர் அளவை. இது வட்டமுறைக்கு ஏற்றது. இருவரும் தம்முள் ஆடிய ஆட்டத்தின் முடிவை நோக்குதலும், வெற்றிகளின் தொகையை நோக்குதலும் பிற வழிகள்.

இவ்வளவைகள் சிறியன போலத் தோன்றினும் இவற்றின் பயன் பெரிது. 2013ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த தேர்வுப் போட்டியில் கார்ல்சனும் கிராம்னிக்கும் 8½ புள்ளியோடு ஒத்து நின்றனர். இறுதிச்சுற்றில் இருவருமே தோற்றனர் என்பது வியப்பு. தம்முள் ஆடிய ஆட்டங்களோ சமன். ஆகவே வெற்றிகளை எண்ணினர்: கார்ல்சனுக்கு ஐந்து, கிராம்னிக்கிற்கு நான்கு. அவ்வொரு வெற்றியின் மிகுதியால் கார்ல்சன் அவ்வாண்டே சென்னைக்கு வந்து விசுவநாதன் ஆனந்தை எதிர்த்து உலக முதல்வரானார். வெற்றி மிகுந்தவர் தோல்வியும் மிகுந்தவரே என்று வாதிப்பார்க்கும் இடமுண்டு. எனினும் கிராம்னிக் அம்முடிவை மறுத்தற்கு இடமிருந்ததில்லை. என்னை? விதி ஆட்டத்திற்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்வுப் போட்டியில், முதலிடத்திற்கு இருவர் ஒத்து நின்றால் விரைவாட்டம் ஆடியே முடிவு காணவேண்டும் என விதிக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கையாற் பெறுவதினும் பலகையிற் பெறுவதே மேல் என்னும் கருத்து இதன்கண் விளங்குகின்றது.

மாமல்லபுரத்திலும் உசுபெக்கிசுத்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளியோடு ஒத்து நின்றன. முன்னரே வகுக்கப்பட்ட அளவையின்படி உசுபெக்கிசுத்தானுக்குப் பொற்பதக்கமும் ஆர்மீனியாவிற்கு வெள்ளிப்பதக்கமும் கிடைத்தன.

6. நடத்துவோர் கடமை

மேற்கூறியவற்றால் போட்டி நடத்துவோர்க்குரிய கடமைகள் தாமே விளங்கும். முதற்கடமை அறிக்கை வெளியிடுதல். முறை யாது, சுற்றுகள் எத்தனை, ஓராட்டத்திற்குரிய காலம் எவ்வளவு, ஒத்த புள்ளிக்கு எவ்வளவை, பரிசு யாது, எவ்வளவு காலந்தாழ்த்து வருபவர் ஆட்டத்தை இழப்பர் என்பனவெல்லாம் அதில் எழுதப்படல் வேண்டும். புள்ளிகள் தெரிந்தபின் வகுக்கும் விதி, எத்துணை நல்லதாயினும், ஒருவர்க்காக வகுத்ததென்றே கருதப்படும்.

இரண்டாவது, ஆட்டக்காரரின் தரத்தை அறிதல். அர்பாட் எலோ என்பார் வகுத்த தரக்கணக்கினை உலகக் கழகம் 1970இல் ஏற்றுக்கொண்டது. வென்றால் உயர்ந்தும் தோற்றால் தாழ்ந்தும் வரும் அவ்வெண்ணே இன்று வரிசைப்படுத்துதற்கு அடிப்படை.

மூன்றாவது, கூடத்தை ஒழுங்கு செய்தல். நல்ல வெளிச்சம், அமைதி, மேசைகளுக்கிடையே நடமாடும் இடம், ஒவ்வொரு பலகைக்கும் இருமுகக் கடிகாரம், நகர்த்தல்களைக் குறிக்கும் தாள் ஆகியன வேண்டும். 1851இல் கடிகாரம் இல்லை. எதிரி நெடும்பொழுது எண்ணமிட்டுத் தம்மைக் களைப்புறச் செய்தார் என ஸ்டான்டன் முறையிட்டார். பின்னர் மணற்கடிகையும், 1883ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரமும் வந்தன. மாமல்லபுரத்தில் ஒருவர்க்கு முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடமும், அதன்பின் 30 நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலும் 30 நொடியும் அளிக்கப்பட்டன.

நான்காவது, நடுவரை அமர்த்தல். தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்னும் விதியைக் காத்தலும், கடிகாரத்தை நோக்குதலும், கைப்பேசி முதலியன கூடத்துட் புகாவாறு தடுத்தலும், இருவர் கையொப்பமிட்ட முடிவுகளைத் திரட்டலும் அவர் கடமை. இணைப்புகளை இந்நாளிற் கணிப்பொறி வகுக்கின்றது. ஆயினும் அதற்குரிய விதியை அறிந்து, 'எனக்கு ஏன் இவர் எதிரி?' என்று வினவும் சிறுவனுக்கு விளக்கிக் கூறவல்லவரே நடுவராதற்கு உரியர். அவர் தீர்ப்பை ஏற்காதார் முறையிடுதற்கு ஒரு குழுவும் முன்னரே அமைக்கப்படும்.

முடிவுரை

இங்ஙனம் நோக்குமிடத்து, குறையில்லாத முறை ஒன்றும் இல்லை என்பது பெறப்படும். நீக்கமுறை காலத்தைச் சுருக்கித் தோற்றாரை வருத்தும். வட்டமுறை நேர்மையை மிகுத்துக் காலத்தை விழுங்கும். ஸ்விஸ் முறை இரண்டிற்கும் இடையே நின்று ஒத்த புள்ளிகளைப் பெருக்கும். நேர்ப்போட்டி இருவர்க்கன்றிப் பிறர்க்கு இடந்தாராது. உலகில் இவற்றுள் ஒவ்வொன்றிலும் சிறந்தார் வேறு வேறு ஆதலும் உண்டு. ஆனந்தோ 2000ஆம் ஆண்டு நீக்கமுறையாலும், 2007இல் மெக்சிகோ நகரில் எண்மர் ஆடிய இரட்டை வட்டமுறையாலும், 2008இல் பான் நகரில் கிராம்னிக்கோடு பொருத நேர்ப்போட்டியாலும் உலக முதல்வர் பட்டத்தை வென்றவர். எம்முறையில் நிறுத்தினும் எடை குறையாத பொன்னைப் போல்வாரை அவர் வாழ்க்கையிற் காண்கின்றோம். ஆனால் அத்தகையார் ஒரு சிலரே. ஏனையோர்க்கு முறையின் வேறுபாட்டால் இடமும் வேறுபடும். ஆகவே முறையைத் தேர்பவர் பொறுப்பும் மிகப் பெரிது.

நம் போன்ற கல்லூரிகளில் விடுதி மாணவர் எண்மர் ஆட விரும்பின் வட்டமுறையே தகும். வாரத்திற்கு ஓராட்டமாக ஏழு வாரத்தில் முடியும். 32 பேர் ஒரே விடுமுறை நாளில் ஆட விரும்பின், விரைவாட்டமாக ஐந்து சுற்று ஸ்விஸ் முறை போதும். ஒருநாள் மாலைக்குள் ஒருவர்க்குக் கோப்பை கொடுத்து அனுப்புதலே நோக்கமாயின் நீக்கமுறை உதவும். ஆனால் கற்கும் இடத்தில் நோக்கம் அதுவாதல் வேண்டா என்பது எம் கருத்து. முதலாட்டத்தில் தோற்ற புதிய மாணவன் இரண்டாம் ஆட்டத்திற்கும் பலகைமுன் அமர்தல் வேண்டும். அவன் ஐந்தாம் சுற்றிற் பெறும் முதல் வெற்றியே மறு ஆண்டும் அவனை அப்போட்டிக்கு அழைத்துவரும்.

வென்றவன் எம்முறையையும் புகழ்வான். போட்டியின் நேர்மையை அளக்கவேண்டுமாயின் தோற்றவனைக் கேட்டல் வேண்டும். 'விதி முன்னரே தெரிந்திருந்தது. எனக்கும் அவனுக்கும் அது ஒன்றே. நான் தோற்றது பலகையில்' என்று அவன் கூறுவானாயின், அப்போட்டி நன்கு நடந்தது என்க.